மமதா எடுக்காத புத்தகம்

– சத்தியமா சொல்றேன் மேம், இந்த லைப்ரரிக்குள்ள நான் காலே வச்சதில்ல!

– மெதுவா பேசு. இது லைப்ரரி.

– சாரி மேம். மெதுவாவே சொல்றேன். காலே வச்சதில்ல.

– பேரு என்ன சொன்ன?

– மமதா. ஃபைனல் பி.காம், பி செக்‌ஷன். ரிசல்ட் எல்லாம் வந்தாச்சு மேம். இப்ப பழைய ஸ்டூடண்ட்.

– நோ டியூ பேப்பர்ல என் கையெழுத்து விழற வரைக்கும் நீ ஸ்டூடண்ட் தான் மேன். இங்க வந்து ஸ்க்ரீனப் பாரு. மமதா, பி.காம். ஒரு புக் பாக்கி. எடுத்துட்டுப் போயிருக்க, திருப்பிக் குடுக்கல. மெயில்கூட போயிருக்கு.

– காலேஜ் மெயிலா? அதுக்கு பாஸ்வேர்ட் என்னன்னே எனக்குத் தெரியாது. நான் புக்கு எடுக்கல மேம்.

– சிஸ்டம் பொய் சொல்லாது.

– நானும் சொல்ல மாட்டேன். இந்த ஐடி கார்டப் பாருங்க. முதல் வருஷமே பஸ்ஸுல நசுங்கி ரெண்டாப் போச்சு. பார்கோடுல பாதி தான் இருக்கு. இத வச்சி எப்படி எடுத்திருப்பேன்?

– எல்லாரும் இதே பாட்டு தான். எடுக்கல, பாக்கல, தொடல. அப்புறம் ரூம காலி பண்ணும்போது கட்டிலுக்கு அடியிலேர்ந்து வரும்.

– எங்க வீட்ல கட்டிலே இல்ல மேம். சிவாஜிநகர்ல ஒரே ரூம், அஞ்சு பேரும் பாய் விரிச்சித் தான் படுக்கறோம். புக்கு இருந்தா முதுகுல குத்தியிருக்கும்.

– வாய் மட்டும் நல்லா இருக்கு உனக்கு.

– டோரதி மேம், ப்ளீஸ். நாளைக்குக் காலைல எலெக்ட்ரானிக் சிட்டில வேலைக்கு ஜாயினிங். ஒரிஜினல் மார்க்ஸ் கார்டு காட்டலன்னா அந்த சீட்டு வேற ஆளுக்குப் போயிடும். எல்லா டிபார்ட்மென்ட் கையெழுத்தும் இருந்தாத் தான் கார்டு தருவேன், நாலு மணிக்கு கவுண்டர மூடிடுவேன்னு ஆபீஸ்ல கிரண் சார் சொல்லிட்டாரு. கெமிஸ்ட்ரி லேப்லயே போட்டாச்சு மேம், காமர்ஸ் படிச்ச எனக்கு! டெஸ்ட் ட்யூப் ஒண்ணும் ஒடைக்கலன்னு. உங்களது ஒண்ணு தான் பாக்கி.

– ரூல் எல்லாருக்கும் ஒண்ணு தான். ஸ்டூடண்டோ ஸ்டாஃபோ, இந்த காலேஜ விட்டுப் போறவங்க யாரா இருந்தாலும் லைப்ரரி நோ டியூ இல்லாம கேட்டத் தாண்ட முடியாது. ஹிஸ்டரி சார் வேற காலேஜுக்குப் போனப்ப ஒரு அட்லஸ்ஸுக்காக அவர் ரிலீவிங் ஆர்டரையே நிறுத்தி வச்சவ நான்.

– சரி, நான் எடுத்தேன்னு சொல்ற புக்கு என்ன? பேராவது சொல்லுங்க.

– இரு. இங்கிலீஷ் எழுத்துல டைப் பண்ணியிருக்கு. வாசலில்... மூன்று... ஜோடிச் செருப்பு.

– செருப்பா?

– தமிழ் செக்‌ஷன்.

– தமிழ் புக்கா? மேம்! எனக்குத் தமிழ் படிக்கவே தெரியாது!

– என்னது? அப்ப இவ்ளோ நேரம் என்கிட்ட பேசினது ஜப்பானீஸா?

– பேசுவேன் மேம். வீட்ல தமிழ், தெருவுல தமிழ், பக்கத்து வீட்டு சண்டகூட தமிழ் தான். ஆனா ஸ்கூல்ல கன்னடா, இங்கிலீஷ், ஹிந்தி. கன்னட போர்டப் பாத்து எங்கம்மா ஜிலேபின்னு சொல்லும். எனக்குத் தமிழ் எழுத்து முறுக்கு. எங்க ஆரம்பிச்சி எங்க முடியுதுன்னே தெரியாது.

– ஜீசஸ். லாயிட்! லாயிட், இங்க வா!

– வந்துட்டேன் மேடம். இன்னாமோ நம்மள மெதுவா பேசச் சொல்லிட்டு நீங்க கூவறீங்க. மேல ஹாலுல கேக்குதா? பிரின்சிபல் சாருக்கு ஃபேர்வெல் பாட்டு ரிகர்சல். சனிக்கிழம ரிட்டயர் ஆவறாரு, சால்வை, மாலை, பாட்டு, அல்லாம் கீது. சுருதி தான் இல்ல.

– அத விடு. நீ லைப்ரரி அட்டெண்டரா, பாட்டு வாத்தியாரா? இந்தப் பொண்ணு புக்கு எடுக்கலன்னு சொல்லுது.

– எந்தப் பொண்ணு? அட, நம்ம போன் பாப்பா!

– போன் பாப்பாவா? என்னையா அண்ணா?

– வராண்டாவுல நின்னு தெனம் உங்கம்மாகூட போன்ல சண்ட போடுவியே. சோறு கட்டலன்னா வுடும்மா, நான் பன்னு துன்னுக்கறேன்னு. அந்தத் தமிழக் கேட்டுத் தானே உன் பேர லிஸ்ட்டுல...

– லாயிட்!

– ஒண்ணியும் இல்ல மேடம்.

– என்ன லிஸ்ட்டுண்ணா?

– ஒண்ணியும் இல்ல பாப்பா. தமிழு ஷோக்கா பேசறன்னு சொல்ல வந்தேன்.

– மேம், என்ன லிஸ்ட்?

– லாயிட், உன் வாய்க்கு ஒரு பூட்டு போடணும் மேன்.

– போடுங்க மேடம். மத்த பூட்டு சாவியெல்லாம் உங்க இடுப்புல தானே தொங்குது, இதுவும் தொங்கட்டும்.

– மேம், நான் இப்படியே நேரா கிரண் சார்கிட்ட போயி, தமிழ் படிக்கத் தெரியாத எனக்குத் தமிழ் புக்கு குடுத்திருக்காங்கன்னு சொல்லட்டா?

– நில்லு, நில்லு. உக்காரு. சொல்றேன். ஆனா இது இந்த டேபிளத் தாண்டக் கூடாது.

– தாண்டாது. சொல்லுங்க.

– போன வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டி வந்துச்சில்ல?

– ஹௌது, வந்தாங்க, எங்க எல்லாருக்கும் டை கட்டி விட்டாங்க. ஒருத்தன் மயங்கி விழுந்தான்.

– அந்தக் கமிட்டி இங்க வந்து கேக்கறது ரெண்டே கேள்வி. எவ்ளோ புக்கு இருக்கு? எவ்ளோ பசங்க எடுக்கறாங்க? மொதல் கேள்விக்கு நான் நெஞ்ச நிமித்திப் பதில் சொல்லுவேன். ரெண்டாவதுக்கு என்ன சொல்றது? பசங்க வராங்க, வராமலா? பழைய கொஸ்டின் பேப்பர போட்டோ எடுப்பாங்க. போனுக்கு சார்ஜ் போடுவாங்க. ஓசி வைஃபைல கிரிக்கெட் பாப்பாங்க. புக்கு? தூசி தட்ட நானும் லாயிட்டும் மட்டும் தான் தொடறோம்.

– தூசி நான் மட்டும் தான் மேடம் தட்றேன்.

– சரி, நீ தான். பிரின்சிபல் என்னக் கூப்ட்டு, எல்லா செக்‌ஷன்லயும் யூசேஜ் காட்டணும், ஒரு செக்‌ஷன்கூட சைபரா இருக்கக் கூடாது, எப்படிப் பண்ணுவீங்களோ தெரியாதுன்னாரு. எப்படின்னு எங்களுக்கும் தெரியல. அப்புறம் தெரிஞ்சிது.

– எடுக்காதவங்க பேர்ல எடுத்த மாதிரி போட்டுட்டீங்க!

– லைப்ரரிக்கே வராத ஆளாப் பாத்துப் போட்டோம் பாப்பா. வர்ற ஆளு பேர்ல போட்டா மறுநாளே வந்து நம்ம கழுத்தப் புடிப்பானே. மத்த செக்‌ஷன் அல்லாம் ஈசி. தமிழ் தான் பேஜாராப் போச்சு. டிபார்ட்மென்ட்ட மூடி எம்மாங் காலம் ஆவுது, எவனப் போடறது? அதான் வராண்டாவுல காத வச்சி, தமிழு பேசற பசங்களாப் பொறுக்கினேன். ஒரு நாயம் வோணும்ல?

– நியாயமாண்ணா இது?

– ஒரு பொருத்தம்ன்னு வச்சிக்கயேன்.

– கமிட்டி போனதும் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ரிட்டர்ன் போட்டுட்டோம். தமிழ் பீரோ மேல மட்டும் மத்தியானம் வெயில் நேரா அடிக்கும். கம் காஞ்சி பார்கோடு ஸ்டிக்கர்ல பாதி உதிர்ந்து கீழ கெடந்துச்சு. ஸ்டிக்கர் இருந்ததெல்லாம் ரிட்டர்ன் ஆச்சு. உன் புக்குக்கு ஸ்டிக்கர் இல்லபோல.

– என் புக்கு இல்ல மேம்.

– அந்த புக்கு.

– சரி, இப்ப ரிட்டர்ன் பட்டன ஒரு தட்டு தட்டுங்க. ஆயித்து. நான் ஓடறேன்.

– அதெப்படி? புக்கக் கண்ணால பாக்காம ரிட்டர்ன் போட மாட்டேன்.

– கண்ணால பாக்காம இஷ்யூ மட்டும் போட்டீங்க!

– பாயிண்ட் தான் மேடம்.

– நீ யார் பக்கம் மேன்? கேளு மமதா. அடுத்த மாசம் ஸ்டாக் செக்கிங். ரிட்டர்ன்னு போட்டு புக்கு ராக்குல இல்லன்னா என் சம்பளத்துல கை வைப்பாங்க. இஷ்யூல இருக்கற வரைக்கும் அது உன் தலைல. ரிட்டர்ன் தட்டினா என் தலைல.

– அப்ப தேடலாம் வாங்க. பேகா, பேகா, சீக்கிரம்! மூணு மணி தாண்டிடுச்சு. எந்த பீரோ?

– கடைசில ஜன்னலோரம். ஜகதாம்பாள் கலெக்‌ஷன். இங்க இருந்த கடைசி தமிழ் ப்ரொஃபசர். ரிட்டயர் ஆனப்ப வீட்ல இருந்த புக்கு மொத்தத்தையும் காலேஜுக்கே குடுத்துட்டுப் போயிட்டாங்க. எல்லாம் உயர்ந்த இலக்கியம். கமிட்டிக்கு நானே நின்னு விளக்கினேன். இந்தச் செருப்பு புக்குகூட தத்துவம். மூணு ஜோடின்னா உடம்பு, மனசு, ஆத்மா.

– அப்படின்னு ப்ரொஃபசர் சொன்னாங்களா?

– பேரப் பாத்தாத் தெரியலயா? கமிட்டில ஒருத்தர் எழுதிக்கிட்டாரே. இந்தா லாயிட், சாவி.

– மேம், ஒரு நிமிஷம். இது என்ன ராக்கு?

– காமர்ஸ். உங்க டிபார்ட்மென்ட் தான்.

– காஸ்ட் அக்கவுண்டிங்... ஆடிட்டிங்... இன்கம் டாக்ஸ்... அய்யோ தேவரே, இது அந்தத் தடி புக்கு! இதையா நான் மூணு வருஷமா ஜெராக்ஸ்ல படிச்சேன்? ஒண்ணுவிட்ட ஒரு பக்கம் கருப்பா இருக்கும். பேலன்ஸ் ஷீட்டுல இடது பக்கம் மட்டும் தெரியும். வலது பக்கத்த நானே யோசிச்சிப்பேன். இங்க கண்ணாடிக் கதவுக்குள்ள புதுசா, சுத்தின கவர்கூடப் பிரியாம இருக்கு!

– வந்து கேட்டிருக்கலாமே.

– வந்தேன் மேம்.

– காலே வைக்கலன்னு சொன்ன?

– வாசல் வரைக்கும் வந்தேன். காலேஜ் சேந்த மொத வாரம். பேக வெளிய வச்சிட்டு, செருப்பக் கழட்டணுமோன்னு யோசிச்சிட்டு நின்னேன். நீங்க இதே சேர்ல இருந்தீங்க. என்ன வேணும்ன்னு கேட்டீங்க. எனக்கு என்ன வேணும்ன்னே தெரியல மேம். எங்க வீட்ல யாரும் காலேஜ் போனதில்ல. இவ்ளோ புக்க ஒரே எடத்துல பாத்ததுமில்ல. சும்னே பாக்க வந்தேன்னு சொன்னேன்.

– நான் என்ன சொன்னேன்?

– புக்கு பேர எழுதிட்டு வா, எடுத்துக் குடுப்பாங்க. பாத்துட்டுப் போறதுக்கு இது என்ன லால்பாக் ஃப்ளவர் ஷோவான்னு கேட்டீங்க. பின்னாடி நின்ன சீனியருங்க சிரிச்சாங்க. உள்ள வந்து பாத்தாத் தானே மேம் பேரு தெரியும்? பேரு தெரியாம எப்படி எழுதறது?

– மேடம்? மேடம், தண்ணி கொண்டாரவா?

– வேணாம். நான் அப்படியா சொன்னேன்?

– நீங்க அல்லாருக்கும் அதத் தான் மேடம் சொல்லுவீங்க. சில நாளு ஃப்ளவர் ஷோ, சில நாளு மைசூர் ஜூ.

– எனக்கு அப்ப ரொம்ப அழுகை வந்துச்சு மேம். இப்ப இல்ல. இப்ப நாலு மணி தான் பயமா இருக்கு.

– சாரி, மமதா. நிஜமா. கண்ணாடிக் கதவப் பூட்டி வச்சது புக்கு தொலையக் கூடாதுன்னு. தொலைஞ்சா என் தலை. அத நெனச்சி நெனச்சி, உள்ள வரவங்களையே திருடங்களாப் பாக்கற புத்தி வந்துடுச்சு. அது எனக்கே புடிக்கல. போன வருஷம் பிரின்சிபலுக்கு எழுதிக் குடுத்தேன். கண்ணாடிக் கதவக் கழட்டிடலாம், பசங்க கையால எடுத்துப் பாக்கட்டும். கிளாஸ் முடியறது நாலு மணி, லைப்ரரியும் நாலு மணிக்கே மூடினா எப்ப வருவாங்க? ஆறு மணி வரைக்கும் திறந்து வைக்கலாம். நாற்காலி பத்தாது, ஒரு டஜன் வாங்கலாம்ன்னு. என்ன சொன்னாரு தெரியுமா? லைப்ரரிக்கு யாரு வராங்க டோரதி, நான் பாத்த வரைக்கும் யாரும் வரதில்லையேன்னாரு.

– அவர் எப்ப வந்து பாத்தாரு?

– நல்லாக் கேட்ட பாப்பா. கம்ப்யூட்டர் மூலைக்கு ரிப்பன் வெட்ட வந்தாரு. வாசல்லயே ரிப்பனு, வாசல்லயே கத்திரி, வெட்டிட்டு வாசலோட போயிட்டாரு. கமிட்டி வந்த அன்னிக்கும் அவுங்க உள்ள வந்தாங்க, இவரு போன் வந்துச்சின்னு வராண்டாவுலயே நின்னுக்கினாரு.

– போதும், பீரோவத் திற. அந்த புக்கத் தேடி எடு.

– திறந்தாச்சு. மேடம், நீங்களே எடுங்களேன். என் கண்ணாடி வூட்ல கீது.

– நீ எப்ப மேன் கண்ணாடி போட்ட? எனக்கு டஸ்ட் அலர்ஜி. நீ எடு.

– இல்ல மேடம், இலக்கியம் அல்லாம் நீங்க தொட்டாத் தான் மரியாத.

– மேம், அண்ணா, சண்ட வேணாம். யாராவது ஒருத்தர் பேரப் படிச்சிட்டே வாங்க. நான் எடுத்து அடுக்கறேன்.

– லாயிட் படிப்பான்.

– மேடம் படிப்பாங்க.

– ஏன் ரெண்டு பேரும் என்னையே பாக்கறீங்க? எனக்குத் தான் தெரியாதுன்னு சொன்னேனே.

– லாயிட், உண்மையச் சொல்லு. உனக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா, தெரியாதா?

– நான் கார்ப்பரேஷன் ஸ்கூலுல கன்னடா மீடியம் மேடம்.

– ஞாயித்துக்கிழம சர்ச்சுல தமிழ்ப் பூசைல பாட்டு புக்க கையில புடிச்சிக்கிட்டுப் பாடுவியே! நான் என் கண்ணால பாத்திருக்கேன்!

– புடிச்சிப்பேன். பக்கத்துல இருக்கறவன் பொரட்டும்போது நானும் பொரட்டுவேன். பாட்டு மனப்பாடம். நீங்க?

– நான் கான்வென்ட். காக்ஸ் டவுன்ல எங்க வீட்ல பாதி இங்கிலீஷ், பாதி தமிழ், ஆனா எழுத்துன்னா இங்கிலீஷ் தான். நான் இங்கிலீஷ் மாஸுக்குத் தான் போறேன். தமிழ் பீரோவ நீ பாத்துக்கறன்னு நெனச்சேன்.

– நீங்க பாத்துக்கறீங்கன்னு நான் நெனச்சேன். நான் கலர் பாத்துத் தானே மேடம் அடுக்கறேன். செவப்பு ஒரு பக்கம், பச்ச ஒரு பக்கம்.

– ஜீசஸ், மேரி, ஜோசஃப். அதான் அவ்ளோ அழகா இருக்கா? கமிட்டி பாராட்டினாங்களே மேன்!

– அப்ப மூணு தமிழாளுங்க ஒரு தமிழ் பீரோ முன்னாடி நிக்கறோம், ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாது. மேம், நான் சிரிக்கலாமா, லைப்ரரில கூடாதா?

– சிரிச்சிக்கோ. நானும் சிரிக்கறேன். வெளிய சொன்னா மானம் போயிடும்.

– இருங்க, என் போன் படிக்கும். கேமராவக் காட்டினா எழுத்தப் பாத்து வாசிக்கும். பஸ் போர்டு புரியலன்னு எங்கம்மாவுக்காக போட்டது. வைஃபை பாஸ்வேர்ட் சொல்லுங்க.

– ரீடிங் இஸ் ஜாய். எல்லாம் சேத்து.

– ஆச்சு. இந்த செவப்பு புக்குக்கு மேல காட்டறேன். கேளுங்க, போன் பேசுது.

– “மூன்றாவது மாடியில் முத்தம்.”

– என்னது? இன்னொரு தடவ காட்டு.

– “மூன்றாவது மாடியில் முத்தம்.”

– மேடம், இது எந்த இலக்கியம்?

– வாய மூடு. அடுத்தது காட்டு மமதா.

– “சமையல்காரன் சாட்சி சொல்கிறான்.”

– அடுத்தது.

– “விஷம் கலந்த வெற்றிலை.”

– அய்யய்யோ மேடம், ஜகதாம்பாள் அம்மா நெத்தி நெறைய விபூதி வச்சிக்கினு வருவாங்களே! உள்ள இம்மாங் கொலையா?

– கீழ்த் தட்டுல இலக்கியம் இருக்கும். இருக்கணும். நான் கமிட்டிகிட்ட... சீக்கிரம் காட்டு மேன், மணி ஆகுது!

– காட்டறேன் மேம். பச்சைல இல்ல. நீலத்துல இல்ல. இந்தத் தட்டுல இலக்கியம் தான்போல, போனுக்கே நாக்கு தடுக்குது. இது... இது தான்! கேளுங்க!

– “வாசலில் மூன்று ஜோடிச் செருப்பு.”

– கெடச்சிடுச்சு! இந்தக் கலரு மஞ்சளு, இத நான் சாமி புக்குன்னு நெனச்சி மேல வச்சிருந்தேன்!

– குடு, குடு. ரிட்டர்ன் போடறேன். நீ அதுக்குள்ள மொதப் பக்கத்த ஒரு தடவ காட்டு. தத்துவமா இல்லையான்னு மட்டும் தெரிஞ்சா எனக்கு நிம்மதி.

– இதோ.

– “வாசலில் மூன்று ஜோடிச் செருப்பு கிடந்தது. வீட்டுக்குள் இருந்ததோ இரண்டே பேர். அந்த இருவரில் ஒருவர் இறந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.”

– தத்துவம் இல்ல மேடம்.

– ஷ்ஷ். பேசாதே. மேல காட்டு.

– “இன்ஸ்பெக்டர் குனிந்து மூன்றாவது ஜோடியைத் தொட்டுப் பார்த்தார். செருப்பு ஈரமாக இருந்தது. அன்று ஊரில் மழையே பெய்யவில்லை.”

– அப்ப மூணாவது ஆளு எங்கே? பின்பக்கமா ஓடிட்டானா? வெறுங்காலோடயா?

– மேம், அது லேடீஸ் செருப்பா ஜென்ட்ஸ் செருப்பான்னு சொல்லலையே.

– உயிரோட இருக்கறவன் மேல தான் எனக்கு டவுட்டு. செத்தவன் செருப்பப் போட்டுக்கினு இவன் கெணத்தாண்ட போயிட்டு வந்துட்டான்.

– அப்படின்னா இவன் செருப்பு காஞ்சிருக்கும், ரெண்டு ஜோடி தானே ஆகும் லாயிட்? கணக்கு வரல. பக்கத்தத் திருப்பு. வால்யூம் வை.

– வால்யூமா? மேம், இது லைப்ரரி!

– யாரு இருக்கா இங்க? வை!

– “உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் அழவில்லை. இன்ஸ்பெக்டரைப் பார்த்து, காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள்.”

– இவ தான்! இவளே தான்! நான் எழுதித் தரேன்!

– மேம், மேம், மணி! நாலாகப் பத்து நிமிஷம் தான் இருக்கு! கையெழுத்து!

– ஓ மை காட். இதோ தட்டியாச்சு. ரிட்டர்ன். உன் பேர்ல ஒண்ணும் இல்ல. குடு பேப்பர. இந்தா, கையெழுத்து. இந்தா, சீல்.

– தேங்க்ஸ் மேம்! அண்ணா, தேங்க்ஸ்! மேம்...

– ஓடு மேன், கிரண் ஷட்டர இறக்கிடுவான்.

– அந்த புக்கு எனக்கு வேணும் மேம். எடுத்துட்டுப் போகட்டா? எலெக்ட்ரானிக் சிட்டி போக வர பஸ்ஸுல ரொம்ப நேரம் ஆகும். போன்ல காட்டிக் காட்டிக் கேட்டுப்பேன். ஈரம் எப்படி வந்துச்சின்னு தெரியாம எனக்குத் தூக்கம் வராது.

– இப்பத் தானே நோ டியூ போட்டேன்? அது போட்ட நிமிஷமே உன் மெம்பர்ஷிப் கட். இனிமே உன் பேர்ல ஒரு புக்கும் இஷ்யூ ஆகாது. சிஸ்டம் ஒத்துக்காது.

– இன்னா மேடம் இது அநியாயம்? எடுக்காதப்ப எடுத்தன்னு எழுதினோம். எடுக்கறேன்னு வந்து நிக்கும்போது இல்லன்னு சொல்றோம்.

– என்ன பண்ணச் சொல்ற?

– என் பேர்ல போடுங்க.

– அட்டெண்டருக்குக் கார்டு கெடையாது.

– பரவால்ல மேம். விடுங்க. நான் வரேன்.

– நில்லு. புக்க எடுத்துக்கோ.

– மேம்?

– பேக்ல வை. சனிக்கிழம வேலை முடிஞ்சி வந்து திருப்பிக் குடு. யாரு கொலகாரன்னும் எங்களுக்குச் சொல்லணும். அந்தப் படிக்கற ஆப் லாயிட் போன்லயும் ஏத்திக் குடுக்கணும். பாக்கி பீரோவ நாங்க ரெண்டு பேரும் கேக்கணும். கண்ணாடி திறந்தே இருக்கட்டும் லாயிட், சாவிய அப்படியே அதுலயே விடு.

– ஸ்டாக் செக்கிங் வருதே மேம். இல்லன்னா உங்க தலைன்னு சொன்னீங்க?

– இஷ்யூ போட்டுட்டுத் தான் குடுக்கறேன்.

– யாரு பேர்ல?

– நம்ம பழைய வழி தான். லைப்ரரிக்கே வராத ஆளாப் பாத்து.

– யார மேடம்? பி.காம்ல ஒருத்தன் கீறான், அவன் காலேஜுக்கே வரதில்ல.

– பசங்க வேணாம். ஸ்டாஃப் பக்கத்தத் திறந்திருக்கேன். வேலைக்குச் சேந்த நாள்லேர்ந்து ஒரு புக்குகூட எடுக்காத ஒரே ஒரு அக்கவுண்ட் இருக்கு, ரொம்ப சுத்தமா. டைப் பண்றேன். ஆச்சு.

– மேடம்! அந்தப் பேரு... மேல ஹாலுல யாருக்குப் பாட்டு பாடறாங்களோ, அவரு பேரு! மெயில் போவாதா அவருக்கு?

– போகும். காலேஜ் மெயிலுக்கு. அத அவர் திறந்ததே இல்ல.

– சனிக்கிழம ரிட்டயர் ஆவறாரே மேடம். நோ டியூக்கு இங்க தானே வரணும்?

– வரணும். ரூல் எல்லாருக்கும் ஒண்ணு தான்.

– நான் எந்த புக்கும் எடுக்கலன்னு சொல்லுவாரே மேம்!

– சொல்லட்டும். இதே டேபிள் முன்னாடி நின்னு, நீ சொன்ன மாதிரியே, இந்த லைப்ரரிக்குள்ள நான் காலே வச்சதில்லன்னு அவர் வாயால சொல்லட்டும், அந்த நிமிஷமே கையெழுத்துப் போட்டுத் தரேன்.